வெளுத்துப்போன கன்னங்கள்: ஜோஷுவா ரெனால்ட்ஸின் சிவப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் ஆல்பமார்ல் சீமாட்டி ஆனின் உருவப்படம் ஒன்று இருக்கிறது. 1760-ஐ ஒட்டி ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்தது. 60 வயதை நெருங்கும், கணவரை இழந்த பெண்மணி. கையில் முடிச்சுப் பின்னலுக்கு நூல் சுற்றும் சிறு கருவியான ஓடத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். உடையின் மடிப்பும் பின்னலும் உயிரோடு இருக்கின்றன. முகத்துக்கு வந்தால் பார்வை தடுக்குகிறது. சுண்ணாம்பு பூசிய சுவர் போல வெளிறிப்போன முகம். நோயாளியாக இருந்திருப்பார் போலிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். மேட்டுக்குடி மிடுக்கை ஓவியர் இப்படிக் காட்டியிருக்கிறார் என்று நினைப்பவர்களும் உண்டு.

இரண்டுமே சரியல்ல. வரைந்து முடித்த அன்று அந்தக் கன்னங்களில் சிவப்பு இருந்தது. பிறகு அது போய்விட்டது. இந்த ஒரு படத்தில் மட்டும் நடந்ததும் அல்ல. 1750-களிலும் 60-களிலும் ரெனால்ட்ஸ் வரைந்த பல முகங்கள், படத்துக்கு உட்கார்ந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே வெளுத்தன. இங்கிலாந்தின் முதல் வரிசை ஓவியர், அரச கலைக் கழகத்தின் முதல் தலைவர், நாட்டின் பிரபுக்களும் நடிகைகளும் தளபதிகளும் வரிசையில் நின்று முகம் காட்டிய மனிதர். அவருடைய படங்களில் முகமே முதலில் அழிந்தது. இது எப்படி நடந்தது, யாருக்கு எப்போது தெரியும், தெரிந்த பிறகும் ஏன் நிற்கவில்லை என்பவைதான் இந்த ஆய்வின் கேள்விகள்.

வரிசையில் நின்ற முகங்கள்

ரெனால்ட்ஸ் 1723-ல் டெவன் மாவட்டத்தின் பிளிம்ப்டனில் பிறந்தவர். 1740-ல் லண்டனில் தாமஸ் ஹட்சன் என்ற உருவப்பட ஓவியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1749-ல் கடற்படைத் தளபதி அகஸ்டஸ் கெப்பல் தன் கப்பலில் அவரை மத்தியதரைக் கடலுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து இத்தாலி. ரோமிலும் வெனிஸிலும் பார்த்த பழைய ஓவியங்கள் அவரைக் கடைசிவரை விடவில்லை. திரும்பி வந்ததும் அதே கெப்பலை, கடற்கரையில் புயலுக்கு நடுவே, பழங்காலக் கிரேக்க தேவன் சிலையின் நடையோடு முழு உருவமாக வரைந்தார். அந்தப் படம் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. முதலில் சொன்ன ஆல்பமார்ல் சீமாட்டி இந்தக் கெப்பலின் தாயார்தான். வாழ்வைத் திறந்துவிட்ட நண்பனின் அம்மாவை ரெனால்ட்ஸ் ஏனோதானோ என்று வரைந்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் பட்டறையில் நடந்த வேலையின் வேகத்தை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. 1758-ல் மட்டும் சுமார் 150 பேர் படத்துக்கு உட்கார்ந்தார்கள். யார் எப்போது வந்தார்கள் என்பதை அவர் சிறு நாட்குறிப்புகளில் எழுதி வைத்தார், அவற்றில் பல இன்றும் இருக்கின்றன. காலை பத்து மணிக்குப் பட்டறைக்குள் போவார். பதினொரு மணிக்கு முதல் ஆள் வந்துவிடுவார். மாலை நான்கு வரை ஒருவர் மாற்றி ஒருவர். உட்காருபவரின் நாற்காலி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், சக்கரம் வைத்து, எந்தப் பக்கமும் திருப்பும்படி இருந்தது. அவர் நின்றுகொண்டே வரைவார். கைப்பிடி நீண்ட தூரிகைகளைப் பிடித்துப் பின்னால் போவார், முன்னால் வருவார்.

1760-ல் லெஸ்டர் ஃபீல்ட்ஸில் 47-ம் எண் வீட்டைக் குத்தகைக்கு வாங்கினார். 1,650 பவுண்டு கொடுத்து, மேலும் 1,500 பவுண்டு செலவழித்துப் படக் கூடமும் பட்டறையும் கட்டினார். நான்கு பருவங்களின் உருவங்கள் தீட்டிய பலகைகளும் பொன்முலாம் சக்கரங்களும் கொண்ட வண்டி ஒன்றும் வாங்கினார். தான் போகாத நாட்களில் தங்கை ஃபிரான்சஸை அதில் ஊர் சுற்றி வரச் சொன்னார். கூச்ச சுபாவம் கொண்ட அந்தப் பெண்ணுக்கு அது பெரும் வேதனையாக இருந்ததாம். கட்டணமும் வண்டியோடு சேர்ந்து ஓடியது. தலையும் தோளும் மட்டும் வரைய 1755-ல் 12 கினி, 1764-ல் 30, 1782-ல் 50. முழு உருவத்துக்கு அதே ஆண்டுகளில் 48, 150, 200. ஒரு கினி என்பது 21 ஷில்லிங். முதல் முறை உட்காரும்போதே பாதிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

இத்தனை படங்களையும் ஒரே கை வரையவில்லை. உடையையும் திரைச்சீலையையும் பீட்டர் டோம்ஸ் போன்ற உடை ஓவியர்கள் முடித்தார்கள். ரோமிலிருந்து சிறுவனாகக் கூட்டி வந்த ஜுசெப்பே மார்க்கி பட்டறையின் நிரந்தரக் கை. அந்தக் காலத்து வழக்கம் அதுதான். முகம் மட்டும் எஜமானருடையது. பணம் கொடுத்தவர் வாங்கியதும் அந்த முகத்தைத்தான். வெளுத்தது அதுவே என்பதால்தான் இந்த நிகழ்வு எனக்கு இவ்வளவு உறுத்துகிறது. கூலிக்கு வரைந்த பட்டுத்துணி அப்படியே இருக்கிறது, ரெனால்ட்ஸ் தன் கையால் வைத்த கன்னம் இல்லை.

பூச்சியின் சிவப்பு

சிவப்பு எதிலிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அன்று உடல்நிறத்துக்கு ஓவியர்கள் கையில் முக்கியமாக இரண்டு வகைச் சிவப்புகள் இருந்தன. ஒன்று சாதிலிங்கம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது, ஒளியை மறைக்கும் கனமான நிறம், சற்றே ஆரஞ்சுச் சாயல். வெள்ளை ஈயத்தோடு கலந்து பூசினால் தலைமுறைகள் தாங்கும். மற்றது கார்மைனும் லேக் வகை நிறங்களும். மெக்சிகோவின் சப்பாத்திக் கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து, அதன் சாயத்தைப் படிகாரத்தின் துணையோடு படிய வைத்து எடுக்கும் பொடி இது. ஒரு பவுண்டு எடைக்கு ஏறக்குறைய 70,000 பூச்சிகள் வேண்டும். ஸ்பெயின் அரசு பல தலைமுறைகள் தன் பிடிக்குள் வைத்திருந்த செல்வம்.

கார்மைனை எண்ணெயில் குழைத்து மெல்லிசாகப் பூசினால் ஒளி ஊடுருவிப் போய், கீழே இருக்கும் வெள்ளையில் பட்டுத் திரும்பும். தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது போன்ற ஒரு துலக்கம் வரும். சாதிலிங்கத்தில் இது வராது. அதே ஒளிதான் எமனும். சாயத்தின் மூலக்கூறு வெளிச்சம் பட்டுப் பட்டு உடைகிறது. தடித்த அடர் சிவப்பாகப் பூசியிருந்தால் நாளாகும். கன்னத்துக்கு வேண்டிய இளஞ்சிவப்புக்காக ஒரு துளி கார்மைனை நிறைய வெள்ளையோடு கலந்தாலோ, காற்றுப்போல மெல்லிசாகப் பூசினாலோ சீக்கிரம் போய்விடும். எந்த இடத்தில் மிக அழகாகத் தெரியுமோ அந்த இடத்தில்தான் மிக எளிதில் அழியும்.

இந்தப் பூச்சிக்குச் சென்னையோடும் ஒரு தொடர்பு உண்டு. ரெனால்ட்ஸின் கடைசி ஆண்டுகளில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் ஸ்பெயினின் பிடியை உடைக்கும் ஆசையில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த பூச்சி தரம் குறைந்த காட்டு வகை. நல்ல சாயம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வகைப் பூச்சி பின்னாளில் தென்னிந்தியாவில் ஒருவகைச் சப்பாத்திக் கள்ளியைத் தின்று தீர்த்தது. 1860-களில் கள்ளியை ஒழிக்கவே அதை இலங்கைக்குக் கொண்டுபோனார்கள். லண்டன் கன்னங்களின் சிவப்புக்கான பேராசை எவ்வளவு தூரம் கை நீட்டியது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆண்டர்சனின் சிலை இன்றும் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் இருக்கிறது.

படத்துக்கு உட்கார வந்த பெண்களின் முகத்திலும் இதே பொருட்கள்தான் இருந்தன. அன்றைய நாகரிகப் பெண்கள் முகத்துக்கு வெள்ளை ஈயம் பூசினார்கள், கன்னத்துக்கு ரூஜ் தடவினார்கள். விலை உயர்ந்த ரூஜில் கார்மைன் உண்டு. ஆக, ஒப்பனை மேசையிலும் ஓவியரின் பலகையிலும் ஒரே வெள்ளை, ஒரே சிவப்பு. அயர்லாந்திலிருந்து கையில் காசில்லாமல் வந்து அழகால் லண்டனை வென்ற கன்னிங் சகோதரிகளில் மூத்தவர் மரியா, கோவென்ட்ரி சீமாட்டியாக 1760-ல் இறந்தபோது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. முகப்பூச்சின் ஈயம்தான் அவரைக் கொன்றது என்று ஊரே பேசியது. அதே ஆண்டு மரியாவின் தங்கை எலிசபெத்தை ரெனால்ட்ஸ், ஹாமில்டன் சீமாட்டியாக, தேவதைக் கோலத்தில் முழு உருவமாக வரைந்தார். தோல் எப்படித் தெரிய வேண்டும் என்று அந்த ஊர் ஆசைப்பட்டதோ அந்த ஆசையை அவர் துணியில் இறக்கினார். இதைப் பார்க்காமல் ஓவியரை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மை.

"தோலில் நான் சாதிலிங்கத்தைப் பார்க்கவில்லை"

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் சாட்சி ஜேம்ஸ் நார்த்கோட். 1771 முதல் 1776 வரை ரெனால்ட்ஸின் வீட்டிலேயே தங்கிப் பயின்ற மாணவர். குருவின் மேல் பெரும் மதிப்பு வைத்திருந்தவர், பின்னாளில் அவர் வாழ்க்கையை எழுதியவர்.

கார்மைனும் லேக்கும் ஓடிப்போகும் நிறங்கள், உடலுக்குச் சாதிலிங்கம் பயன்படுத்துங்கள், இயற்கைக்கு அவ்வளவு நெருக்கமாக இல்லாவிட்டாலும் நிலைத்து நிற்கும் என்று ஒருநாள் பணிவாகச் சொல்லிப் பார்த்தாராம். ரெனால்ட்ஸ் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "தோலில் நான் சாதிலிங்கத்தைப் பார்க்கவில்லையே" என்றார். மாணவர் விடவில்லை. "சர் காட்ஃப்ரி நெல்லர் எப்போதும் உடல்நிறத்துக்குச் சாதிலிங்கம்தானே ஐயா பயன்படுத்தினார்?" முந்தைய தலைமுறையின் அரசவை ஓவியர் நெல்லர். ரெனால்ட்ஸுக்குச் சுருக்கென்றது. "நிறமே தெரியாத ஆள் எதைப் பயன்படுத்தினால் என்ன? நீ வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்."

இந்தச் சின்ன உரையாடலில் எல்லாமே இருக்கிறது. வெளுக்கும் என்பது பட்டறைக்குள் தெரிந்த சங்கதி. மாணவனே எடுத்துச் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்கிறது. ஓவியரின் பதில் அறியாமையிலிருந்து வரவில்லை. கண் பார்த்ததை வைக்க வேண்டும் என்ற பிடிவாதத்திலிருந்து வருகிறது. அவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது உயிருள்ள கன்னம். அதன் குளிர்ந்த இளஞ்சிவப்பைச் சாதிலிங்கத்தின் செங்கல் சாயலோடு சமரசம் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. நான் இந்த இடத்தில் அவர் பக்கம் நிற்க ஆசைப்படுகிறேன், ஆனால் முழுதாக முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கன்னம் அவருடையது அல்ல. இன்னொருவர் தன் பேரப்பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்று பணம் கொடுத்து வாங்கிய கன்னம். பிற்காலக் குறிப்புகளில் சாதிலிங்கம் தலைகாட்டத்தான் செய்கிறது. அதற்குள் இருபது ஆண்டு முகங்கள் பிரபுக்களின் மாளிகைச் சுவர்களுக்குப் போய்விட்டன.

வெனிஸின் ரகசியம்

சிவப்பு மட்டும்தான் கோளாறு என்றால் கதை எளிது. பட்டறையில் இன்னொரு பசி இருந்தது.

டிஷியன் போன்ற வெனிஸ் ஓவியர்களின் படங்களில் ஆழமான ஒளி ஒன்று உண்டு. பொன்னிற இருளுக்குள்ளிருந்து உருவம் எழுந்து வருவது போல இருக்கும். இருநூறு ஆண்டு வயதும் மஞ்சளித்த வார்னிஷும் சேர்ந்துதான் அதில் ஒரு பகுதியைக் கொடுத்திருக்கின்றன. ரெனால்ட்ஸ் அதை ஒரு கைமுறை ரகசியம் என்று நம்பினார். பழைய வெனிஸ் படங்களை விலைக்கு வாங்கி, அடுக்கடுக்காகச் சுரண்டி, கீழே என்ன இருக்கிறது என்று தேடியதாகச் சொல்கிறார்கள். தேடிய ஆழம் தன் படங்களில் அன்றைக்கே, வண்ணம் காயும் முன்பே வந்துவிட வேண்டும் என்று விரும்பினார்.

அதற்காக அவர் சேர்த்த பொருட்களின் பட்டியலைப் படித்தால் ஓவியம் அறிந்தவர் யாரும் கை உதறுவார்கள். ஆளிவிதை எண்ணெயோடு பிசின் வார்னிஷ். தேன்மெழுகு. கொபைபா என்ற மரத்தின் பிசின்நெய். முட்டை. இருண்ட பகுதிகளுக்கு நிலக்கீல், அதாவது தார் வகைப் பொருள். நிலக்கீல் பூசியதும் கண்ணைப் பறிக்கும் பளபளப்பான பழுப்பு கிடைக்கும், ஆனால் ஒருநாளும் முழுதாகக் காயாது. அதன் மேல் வேகமாகக் காயும் அடுக்கைப் போட்டால், மேலே இறுகியது கீழே நெகிழ்ந்ததன் மேல் நகர்ந்து, கோடை வயல் போல வெடிக்கும். மெழுகு வெப்பத்தில் இளகும். எண்ணெய் வண்ணத்தின் மேல் முட்டை சுருங்கும். ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் சமாளிக்கலாம். ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் படம் தனக்குள்ளேயே சண்டை போடும்.

இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம். இத்தாலிய மொழியும் ஆங்கிலமும் கலந்த கொச்சையில், பிறர் எளிதில் படிக்க முடியாதபடி. 1772-ல் மிஸ் கிர்க்மன் என்ற பெண்ணின் படத்துக்கான குறிப்பு ஒன்று: முதலில் பிசினும் சுண்ணப்பொடியும், பிறகு மெழுகு, பிறகு முட்டை, பிறகு வார்னிஷ், அதன்மேல் திருத்தம். கடைசிச் சொல், "வெடிக்கிறது". ஒரு மருத்துவர் தன் நோயாளியின் ஏட்டில் எழுதுவது போல எழுதியிருக்கிறார். அவர் மனத்தில் அது பரிசோதனை. மிஸ் கிர்க்மன் வீட்டுக்கு அது குடும்பப் படம்.

அவருடைய கை ஓயாமல் திருத்தும் கை என்பதும் தீங்கை வளர்த்தது. ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்காக வரைந்த பாலக ஹெர்குலிஸ் படத்தைப் பற்றி, இதன் அடியில் பத்துப் படங்கள் இருக்கின்றன, சில இதைவிட நல்லவை, சில மோசமானவை என்று அவரே சொன்னார். லண்டனின் வாலஸ் சேகரிப்பில் 12 ரெனால்ட்ஸ் படங்கள் உள்ளன. அவற்றையும் தேசிய ஓவியக் கூடத்தின் படங்களையும் எக்ஸ்ரே, நுண்ணோக்கி கொண்டு ஆராய்ந்த முடிவுகள் 2014-லும் 2015-லும் வெளிவந்தன. மாற்றி மாற்றிப் போட்ட அடுக்குகளும் விதவிதமான பிசின் கலவைகளும் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன. நார்த்கோட்டும் மற்றவர்களும் சொன்னவை வெறும் பட்டறை வம்பு அல்ல என்று ஆயிற்று.

பைத்தியம் ஒருவருக்கு மட்டும் பிடித்ததும் அல்ல. ரெனால்ட்ஸ் 1792-ல் இறந்தார். சில ஆண்டுகளில் ஆன் ஜெமிமா புரோவிஸ் என்ற இளம்பெண்ணும் அவர் தந்தையும், வெனிஸ் ஓவியர்களின் உண்மையான முறை எழுதிய பழைய ஏடு தங்களிடம் இருப்பதாகச் சொல்லி, அதை அரச கலைக் கழக உறுப்பினர்களுக்கே விற்றார்கள். புதிய தலைவர் பெஞ்சமின் வெஸ்ட் உட்படப் பலர் நம்பினார்கள். ஏடு போலி. 1797-ல் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே அதை ஊரறியப் போட்டு உடைத்தார். தலைவர்கள் இருவரும் ஒரே கானல் நீரைத் துரத்தியிருக்கிறார்கள்.

தெரிந்தும் வந்தவர்கள்

வெளுப்பு யாருக்கும் தெரியாத ரகசியமாக இருந்திருந்தால், ரெனால்ட்ஸ் வாடிக்கையாளர்களை ஏமாற்றினார் என்று எழுதி முடித்துவிடலாம். ஊருக்கே தெரியும். எழுத்தாளரும் சேகரிப்பாளருமான ஹோரஸ் வால்போல், இவருடைய படத்துக்கு மொத்தமாகப் பணம் கொடுக்கக்கூடாது, படம் இருக்கும்வரை ஆண்டுக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும் என்றார். நார்தம்பர்லாந்தின் சர் வால்டர் பிளாக்கெட் தன் படம் வெளுத்ததைப் பார்த்துப் பாட்டே எழுதியதாகச் சொல்கிறார்கள். இறந்தவர் முகத்தை நினைவில் நிறுத்துவதற்காகத் தோன்றிய கலையை இவர் தலைகீழாக்கிவிட்டார், மனிதன் சாகும் முன் படம் செத்துவிடுகிறது என்பது அதன் சாரம்.

ஆனாலும் கட்டணம் ஏறிக்கொண்டே போனதை மேலே பார்த்தோம். இதை எப்படிப் புரிந்துகொள்வது? சேகரிப்பாளர் சர் ஜார்ஜ் பியூமான்ட் சொன்ன பதில் ஒன்று உண்டு. ரெனால்ட்ஸிடம் படம் கேட்கலாமா, வெளுத்துவிடுமே என்று ஒருவர் தயங்கியபோது, துணிந்து கேள், ரெனால்ட்ஸின் வெளுத்த படம்கூட உனக்குக் கிடைக்கக்கூடியவற்றில் சிறந்ததாக இருக்கும் என்றார். இதில் பக்தி இருக்கிறது. கணக்கும் இருக்கிறது.

1760-ல் லண்டனில் ஓவியர் சங்கத்தின் முதல் பொதுக் கண்காட்சி நடந்தது. 1769 முதல் அரச கலைக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சி. சுவரில் மேலும் கீழும் சட்டத்தோடு சட்டம் உரச நூற்றுக்கணக்கான படங்கள் தொங்கும். அந்தக் கூட்டத்தில் யார் முகம் ஒளிர்கிறதோ அந்த முகத்தைப் பற்றித்தான் அந்தப் பருவம் முழுக்கப் பேச்சு. சீமாட்டிகளுக்கு இது மானப் பிரச்சினை. நடிகைகளுக்குப் பிழைப்பு. அழகால் வாழ்ந்த கிட்டி ஃபிஷருக்கு, 1759-ல் முத்தைக் கிண்ணத்தில் கரைக்கும் கிளியோபாட்ராவாக ரெனால்ட்ஸ் வரைந்த படம் விளம்பரமாகவே பயன்பட்டது. பேரப்பிள்ளைகள் காலத்தில் கன்னம் என்ன ஆகும் என்பதைவிட, வரும் வசந்தத்தில் அது எப்படித் தெரியும் என்பது பெரிதாக இருந்த உலகம் அது. கார்மைன் அந்த உலகத்துக்குப் பொருத்தமான நிறம்.

இன்னொரு முரண் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. படம் பழசாகிப்போகும் ஆபத்தைப் பற்றி ரெனால்ட்ஸ் ஆழமாக யோசித்தவர். அரச கலைக் கழகத்தில் 1769 முதல் 1790 வரை ஆற்றிய 15 உரைகளில் ஒன்றில், பெண்களை அந்தந்த ஆண்டின் உடையில் வரைந்தால் படம் சீக்கிரம் பழசாகும், பழங்காலச் சாயலுள்ள பொதுவான உடையைக் கொடுங்கள் என்று அறிவுரை சொல்கிறார். சொன்னபடியே செய்தார். லேடி சேரா பன்பரியை 1763-க்கும் 1765-க்கும் இடையில், கிரேக்க அங்கியில், அழகு தேவியர் மூவருக்கு வேள்வி செய்யும் பெண்ணாக வரைந்தார். இந்த சேரா ஆல்பமார்ல் சீமாட்டியின் அண்ணன் மகள். கிரிக்கெட் ஆடி மாட்டிறைச்சி தின்னும் பெண்ணுக்கும் வேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று அவரை அறிந்த ஒரு பெண்மணி கேட்டார். இப்போது சிகாகோவில் இருக்கும் அந்தப் படத்தில் அங்கி பழசாகவில்லை. ஃபேஷனிலிருந்து உடையைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டவர், ஒளியிலிருந்து முகத்தைக் காப்பாற்றவில்லை.

எதிர்த்தரப்பில் தாமஸ் கெய்ன்ஸ்பரோ. சஃபோக்கில் பிறந்து, பாத் நகரின் வெந்நீர்க் குளியலுக்கு வரும் பணக்காரர்களை வரைந்து, 1774-ல் லண்டன் வந்தவர். உடையையும் பெரும்பாலும் தானே வரைவார், அதுவும் அந்த ஆண்டு மோஸ்தரிலேயே. வண்ணத்தை நீர்போல இளக்கி, நீண்ட தூரிகையால் கீற்றுக் கீற்றாகப் போடுவார். பொருள் அறிவில் அவர் கை சுத்தம். அவருடைய முகங்கள் பெரும்பாலும் இன்றும் ரத்த ஓட்டத்தோடு இருக்கின்றன. இரண்டு பேர் படங்களும் ஒரே சுவரில் தொங்கும்போது, ரெனால்ட்ஸ் குளிர்ந்தவர், கெய்ன்ஸ்பரோ இதமானவர் என்று சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பில் எவ்வளவு பங்கு குணத்துக்கு, எவ்வளவு பங்கு கார்மைனுக்கு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கெய்ன்ஸ்பரோ இறந்ததும் 1788 டிசம்பரில் ரெனால்ட்ஸ் அவரைப் பற்றி ஒரு முழு உரையே ஆற்றினார். கிட்டே நின்றால் வெறும் கீறலாகத் தெரிவது, தள்ளி நின்றால் உருவமாகக் கூடிவரும் மாயத்தை அதில் மனம் திறந்து புகழ்ந்தார். போட்டியாளரின் கைத்திறனை அப்படிப் பார்க்கத் தெரிந்த மனிதர் அவர். அடுத்த ஆண்டே ஒரு கண்ணில் பார்வை போய்த் தூரிகையைக் கீழே வைத்தார்.

இப்போது என்ன செய்ய முடியும்

வெளுத்த கன்னத்துக்கு மருந்து இல்லை. சாயம் சிதைந்துபோனது, திரும்ப வராது. மேலே புதிதாகச் சிவப்புத் தீட்டினால் அது ரெனால்ட்ஸ் ஆகாது. பழுப்பேறிய வார்னிஷைத் துடைப்பதிலும் கண்ணி இருக்கிறது. வண்ணத்துக்குள்ளேயே அவர் பிசின் கலந்திருப்பதால், வார்னிஷைக் கரைக்கும் திரவம் அவருடைய மேல் பூச்சையும் கரைத்துவிடும். இப்படி முந்தைய தலைமுறைகளின் அவசரக் கைகள் துடைத்தெடுத்தவையும் உண்டு. அதனால் ஒரு முகம் வெளிறித் தெரிந்தால் ஒளியா, துடைத்த கையா என்று ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆனால் ஒரு சாட்சி மிச்சம் இருக்கிறது, அதை ரெனால்ட்ஸ் முன்கூட்டியே வளர்த்தும் வைத்தார். மெஸ்ஸோடின்ட் என்ற அச்சு முறை. செப்புத் தகட்டை முழுக்கச் சொரசொரப்பாக்கினால் அது கன்னங்கரேலென்று அச்சாகும். வெளிச்சம் வேண்டிய இடத்தைச் சுரண்டி வழவழப்பாக்கிக்கொண்டே போனால், வெல்வெட் போன்ற இருளிலிருந்து முகம் எழும். நிறம் கிடையாது, ஆனால் கன்னத்தில் எங்கே நிழல், எங்கே மென்மையான சாய்வு என்ற கணக்கு அதில் அப்படியே பதியும். டப்ளினிலிருந்து வந்த ஜேம்ஸ் மெக்கார்டெல் இதில் மன்னர். "இந்த மனிதரால் நான் சாகாவரம் பெறுவேன்" என்று ரெனால்ட்ஸ் அவரைப் பற்றிச் சொன்னார். மெக்கார்டெல் 1765-லேயே இளவயதில் இறந்துவிட்டார். வேறு பலர் தொடர்ந்தார்கள்.

சிவப்புப் போனால் நிறம் மட்டும் போவதில்லை, உருவமும் போகிறது. ரெனால்ட்ஸ் கன்னத்தின் திரட்சியைக் கோட்டால் காட்டவில்லை, சிவப்பு வெள்ளைக்குள் கரைவதால்தான் காட்டினார். சிவப்பு கழன்றதும் முகம் தட்டையாகிவிட்டது. 1760-களில் படம் புதிதாக இருந்தபோதே செதுக்கிய அச்சை எடுத்து, இன்றைய ஓவியத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சில் கன்னம் உருண்டிருக்கும், உதட்டோரம் ஒரு நிழல் இருக்கும், கண்ணுக்குக் கீழே வயது இருக்கும். பிறகு ஓவியத்துக்குத் திரும்புங்கள். வெறும் வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் எலும்பும் சதையும் எங்கே நின்றன என்று கண்ணுக்குப் பிடிபடத் தொடங்கும்.

ஆல்பமார்ல் சீமாட்டியின் முன்னால் நிற்பவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் கைகளைப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஓடத்தை விரல்கள் பிடித்திருக்கும் விதத்தில், வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கும் அந்த அசைவில், 1760-ல் பட்டறையில் உட்கார்ந்திருந்த பெண் இன்னும் இருக்கிறார். அங்கிருந்து கண்ணை மெல்ல மேலே கொண்டுபோங்கள். அந்தக் கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு இன்னும் மிச்சமிருந்தால் அதுவும் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. பழைய படங்கள் உள்ள அறைகளில் அருங்காட்சியகங்கள் விளக்கைத் தணித்து வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.